அப்போதெல்லாம் ஸ்பானிஷில்: இம்பெர்ஃபெக்தோ இறந்தகாலம், தமிழ் வழியே

‘அப்போது எனக்குப் பத்து வயது. நீச்சல் தெரியாது. தினமும் ஆற்றுக்குப் போவேன்.’

பழங்கதை பேசும் இந்த மூன்று வாக்கியங்களில் இறந்தகால வினை ஒன்றுகூட இல்லை. முதலாவதில் வினையே கிடையாது. இரண்டாவதில் இருக்கும் ‘தெரியாது’ காலம் காட்டாத சொல். மூன்றாவதில் வருவது எதிர்கால வடிவம். ‘அப்போது’ என்ற ஒரு சொல் எல்லாவற்றையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. ஸ்பானிஷ் இப்படி விடாது. மூன்று இடத்திலும் வினை வேண்டும், மூன்றும் ஒரே இறந்தகாலத்தில் வேண்டும்:

“தெனீய தியேஸ் ஆஞொஸ். நோ ஸபீய நதார். தோதொஸ் லொஸ் தீயஸ் ஈப அல் ரீயொ.”

தெனீய, ஸபீய, ஈப ஆகிய மூன்றும் இம்பெர்ஃபெக்தோ. நடந்து முடிந்த செயலைச் சொல்ல இந்தெஃபினீதோ என்று இன்னொரு இறந்தகாலம் இருக்கிறது. புதிதாகப் படிப்பவர்கள் திணறுவது இம்பெர்ஃபெக்தோவின் வடிவங்களில் அல்ல, இந்த இரண்டில் எதை எடுப்பது என்பதில்தான். அதைத் தீர்க்க ஆங்கில வழி விளக்கங்களை விடத் தமிழே நன்றாக உதவும்.

பெயர் பற்றி ஒரு சொல். அந்த்ரேஸ் பேயொ 1847இல் வெளியிட்ட ஸ்பானிஷ் இலக்கணத்தில் இம்பெர்ஃபெக்தோவுக்கு ‘கொப்ரெத்தேரித்தொ’ என்று பெயர் வைத்தார். ‘உடன் நிகழும் இறந்தகாலம்’ என்று பொருள் கொள்ளலாம். மெக்ஸிகோ பாடநூலில் இந்தப் பெயரைப் பார்த்தால் வேறு ஏதோ என்று குழம்ப வேண்டாம். இன்னொரு சம்பவம் நடக்கும்போது பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும் காலம் என்ற அந்தக் கருத்து, ‘முடிவுறாதது’ என்ற வழக்கமான பெயரை விடத் தெளிவானது.

முதலில் ஒலி

இந்தக் கட்டுரையில் மேற்கோள் குறிக்குள் வரும் ஸ்பானிஷ் சொற்களில் அழுத்தம் விழும் அசை நெடிலாகவும் மற்றவை குறிலாகவும் எழுதப்பட்டுள்ளன. ‘தெனீய’ என்றால் ‘னீ’யில் அழுத்தம். சொல்லின் நடுவில் ஒற்றையாக வரும் ப, ‘கோபம்’ என்பதில் வருவது போல. த, ‘அது’ என்பதில் வருவது போல. தமிழர் வாயில் இந்த இரண்டும் ஸ்பானிஷ்காரர் சொல்வதற்கு மிகவும் நெருக்கமாகவே வரும், தனிப்பயிற்சி வேண்டாம். இரட்டித்தால் வல்லோசை. ‘ஆஞொஸ்’ என்பதில் வரும் ஞ அப்படியே நம் ஞகரம்.

சொல்லின் முதலில் மட்டும் தமிழ் எழுத்து கைவிட்டுவிடும். ‘தெனீய’வில் ‘தமிழ்’ என்பதன் த. ‘தியேஸ்’ என்பதில் ‘தினம்’ என்பதன் த. ‘பிபீய’ (வசித்தேன்) என்பதில் முதல் ப ‘பஸ்’ என்பதில் வருவது போல. எழுத்தில் அது வி. ஆனால் ஸ்பானிஷில் பி எழுத்துக்கும் வி எழுத்துக்கும் ஒரே ஒலிதான்.

வடிவங்கள்: ஒரு மாலையில் முடியும் வேலை

அகராதி வடிவத்தின் கடைசி இரண்டு எழுத்தை வெட்டுங்கள். ‘ஆர்’ என்று முடிந்த வினைக்கு ஒரு வகை விகுதி. ‘ஏர்’, ‘ஈர்’ என்று முடிந்தவை இரண்டுக்கும் சேர்த்து இன்னொரு வகை.

“அப்லார்” (பேசு):
யோ (நான்): அப்லாப
தூ (நீ): அப்லாபஸ்
ஏல், ஏய, உஸ்தேத் (அவன், அவள், மரியாதை ‘நீங்கள்’): அப்லாப
நொஸோத்ரொஸ் (நாம், நாங்கள்): அப்லாபமொஸ்
பொஸோத்ரொஸ் (ஸ்பெயினில் பன்மை ‘நீங்கள்’): அப்லாபைஸ்
ஏயொஸ், உஸ்தேதெஸ் (அவர்கள், பன்மை ‘நீங்கள்’): அப்லாபன்

“கொமேர்” (சாப்பிடு): கொமீய, கொமீயஸ், கொமீய, கொமீயமொஸ், கொமீயைஸ், கொமீயன். “பிபீர்” (வசி) இதே வழியில்: பிபீய, பிபீயஸ், பிபீய...

விதிவிலக்கு மூன்றே வினைகள்:
“ஸேர்” (ஆக இரு): ஏர, ஏரஸ், ஏர, ஏரமொஸ், ஏரைஸ், ஏரன்
“ஈர்” (போ): ஈப, ஈபஸ், ஈப, ஈபமொஸ், ஈபைஸ், ஈபன்
“பேர்” (பார்): பெயீய, பெயீயஸ், பெயீய, பெயீயமொஸ், பெயீயைஸ், பெயீயன்

அவ்வளவுதான். நிகழ்காலத்தில் அடிச்சொல்லே உருமாறித் தொல்லை கொடுக்கும் வினைகள்கூட இங்கே சாதுவாகிவிடும்: நிகழ்காலத்தில் “ப்வேதொ”, இங்கே “பொதீய” (முடிந்தது). “கியேரொ” என்பது “கெரீய” ஆகும்; “த்வேர்மொ” என்பது “தொர்மீய” ஆகும். நிகழ்காலப் பழக்கத்தில் ‘ப்வெதீய’ என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. அகராதி வடிவத்திலிருந்து தொடங்கினால் அது வராது.

எழுத்துக்கூட்டலில் இரண்டு கவனம். ‘அப்லாப’, ‘ஈப’ ஆகியவற்றின் விகுதியில் வரும் ப எப்போதும் பி எழுத்து, வி அல்ல. இரண்டாவது, ‘கொமீய’ வகையில் ஆறு வடிவத்திலும் ஐ எழுத்தின் தலையில் சாய்கோடு கட்டாயம். ‘அப்லாப’ வகையில் ‘அப்லாபமொஸ்’ ஒன்றில் மட்டும், ‘லா’வில் உள்ள ஏ எழுத்தின் மேல். சாய்கோடு அலங்காரம் இல்லை. “ஸபீய” என்றால் ‘தெரியும்’ (இறந்தகாலம்); கோடு விட்டுப்போனால் அது “ஸாபிய”, அதாவது அறிவாளிப் பெண். “அஸீய” (செய்தேன்) கோட்டை இழந்தால் “ஆஸிய” (நோக்கி) என்று வேறு சொல்லாகிவிடும்.

‘நான்’ வடிவமும் ‘அவன்/அவள்’ வடிவமும் ஒன்றே என்பதையும் கவனியுங்கள். ஸ்பானிஷில் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவது வழக்கம். ஆனால் கதையில் நானும் அம்மாவும் இருந்தால், “கொமீய” என்று மட்டும் எழுதினால் யார் சாப்பிட்டார்கள் என்று தெரியாது. ஆள் மாறும் இடத்தில் “யோ”, “ஏய” என்று போட்டுவிடுங்கள்.

எது இம்பெர்ஃபெக்தோ? தமிழில் சொல்லிப் பாருங்கள்

சொல்ல வந்ததை முதலில் வாய்த்தமிழில் சொல்லுங்கள். கீழே உள்ள நான்கு உருவங்களில் ஒன்று வந்தால் இம்பெர்ஃபெக்தோ.

ஒன்று, ‘-கொண்டிருந்தான்’. ‘மழை பெய்துகொண்டிருந்தது’ என்றால் “யொபீய”.

இரண்டு, ‘அப்போதெல்லாம் -வான், -வோம்’, அல்லது ‘-வதுண்டு’. ‘ஞாயிற்றுக்கிழமை தோறும் தாத்தா வீட்டுக்குப் போவோம்’ என்றால் “லொஸ் தொமீங்கொஸ் ஈபமொஸ் அ காஸ தெ மி அப்வேலொ”. தமிழ் வடிவம் எதிர்காலம் என்பதால் ஸ்பானிஷ் எதிர்காலத்தைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. அப்படி எழுதினால் அது இனிமேல் போகப்போவதாகிவிடும். ‘போவதுண்டு’ என்ற சாயலையே கொடுக்க வேண்டுமென்றால் “ஸொலீயமொஸ் ஈர்” இருக்கிறது.

மூன்று, ‘இருந்தது’. வீடு சின்னதாக இருந்தது, அவள் களைப்பாக இருந்தாள், மேஜை மேல் புத்தகம் இருந்தது. இயல்பு என்றால் “ஏர”, அந்நேரத்து நிலை என்றால் “எஸ்தாப”, ‘அங்கே ஒன்று இருந்தது’ என்றால் “அபீய”. இந்த “அபீய” பன்மைக்கு மாறாது: ஒரு பூனைக்கும் “அபீய”, பத்துப் பூனைக்கும் “அபீய”. ‘இருந்தன’, ‘இருந்தார்கள்’ என்று மாற்றிப் பழகிய நாம் “அபீயன்” என்று நீட்டிவிடுவோம். ஸ்பானிஷ் பேசுகிறவர்களே சிலர் அப்படிச் சொல்வார்கள், ஆனால் எழுத்தில் அது பிழை.

நான்கு, ‘எனக்கு’ என்று தொடங்கும் வாக்கியங்கள். தெரியும், பிடிக்கும், முடியும், வேண்டும், பசி, பயம், வயது: தமிழர்களுக்கு அதிகப் பிழை இங்கேதான். ‘சின்ன வயதில் எனக்குப் பால் பிடிக்காது’ என்பதில் ‘பிடிக்காது’வைப் பார்த்து நிகழ்காலத்தில் “நோ மெ கூஸ்த” என்று எழுதினால், இன்றைக்கும் பிடிக்காது என்றாகிவிடும். சரியானது “நோ மெ குஸ்தாப ல லேச்செ”. பசி, பயம், தூக்கம், வயது நான்கும் ஸ்பானிஷில் ‘வைத்திருப்பவை’: “தெனீய ஆம்ப்ரெ” (பசி), “தெனீய மியேதொ” (பயம்), “தெனீய ஸ்வேஞொ” (தூக்கம்), “தெனீய தியேஸ் ஆஞொஸ்” (பத்து வயது).

மணி சொல்வதற்குச் சோதனையே வேண்டாம். கடந்தகாலத்தில் மணி எப்போதும் இம்பெர்ஃபெக்தோதான்: “ஏரன் லஸ் ந்வேபெ” (ஒன்பது மணி). ஒரு மணிக்கு மட்டும் ஒருமை: “ஏர ல ஊன”.

எதிர்ப்பக்கத்துக்கு ஒரே சோதனை: ‘-விட்டான்’ ஒட்டுகிறதா? ‘கதவைத் திறந்துவிட்டான்’, ‘தூங்கிவிட்டேன்’ என்று இயல்பாக ஒட்டினால் இந்தெஃபினீதோ. தமிழின் வெறும் இறந்தகாலம் இரண்டு பக்கமும் ஆடும் என்பதால் இது உதவும். ‘மழை பெய்தது’ என்பதை மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுக்க முடியாது. மனதில் இருப்பது ‘பெய்துகொண்டிருந்தது’ என்றால் “யொபீய”. ‘பெய்துவிட்டது’ என்றால் “யொபியோ”. எதிர்மறையில் ‘-விட்டான்’ ஒட்டாது. அங்கே வேறு ஜோடி இருக்கிறது. ‘அன்றைக்கு அவன் வரவில்லை’ என்பது இந்தெஃபினீதோ: “நோ பீனொ”. ‘அப்போதெல்லாம் வரமாட்டான்’ என்பது இம்பெர்ஃபெக்தோ: “நோ பெனீய”.

சோதனை ஏமாற்றும் இடங்கள்

நீண்ட காலம் என்றால் இம்பெர்ஃபெக்தோ என்று நினைப்பது பரவலான தவறு. ‘அங்கே ஐந்து வருடம் இருந்தேன்’: எண்ணைச் சொன்னவுடனே காலத்துக்கு வேலி போட்டுவிட்டோம், அது மூடப்பட்ட கணக்கு. எனவே “பிபீ அயீ ஸீன்கொ ஆஞொஸ்”. எண் இல்லாமல் ‘அப்போது அங்கே இருந்தேன்’ என்றால் “பிபீய அயீ”. ‘பிபீ’, ‘பிபீய’: ஒரே ஓர் அசைதான் வித்தியாசம், வேகமாகப் பேசும்போது விழுங்கிவிடாதீர்கள். ‘மூன்று முறை’, ‘இரண்டு மணி நேரம்’ போன்றவையும் இதே கணக்கு.

‘தினமும்’ என்று வந்தால் இம்பெர்ஃபெக்தோ என்ற பட்டியல் விதியும் பாதிதான் உண்மை. ‘அந்த வாரம் தினமும் மழை பெய்தது’ என்றால் வாரம் முடிந்த கணக்கு: “அக்கேய ஸெமான யொபியோ தோதொஸ் லொஸ் தீயஸ்”. குறிச்சொல்லை நம்பாமல் வேலி இருக்கிறதா என்று பாருங்கள்.

சில வினைகளில் காலம் மாறினால் பொருளே மாறும். இங்கேயும் தமிழ் கைகொடுக்கிறது. “ஸபீய” என்பது ‘தெரியும்’. “ஸூப்பெ” என்பது ‘தெரியவந்தது’. “கொனொஸீய அ ஆன” என்றால் ஆனாவை ஏற்கெனவே பழக்கம். “கொனொஸீ அ ஆன” என்றால் அப்போதுதான் அறிமுகம். “பொதீய” என்பது செய்ய முடிகிற நிலை, செய்தேனா இல்லையா தெரியாது. “பூதெ” என்றால் செய்தே விட்டேன். “நோ கெரீய” என்றால் மனமில்லை. “நோ கீஸெ” என்றால் மாட்டேன் என்று மறுத்துவிட்டேன். “அபீய” காட்சியில் இருந்த பொருள். “ஊபொ” நடந்த சம்பவம்: மரம் “அபீய”, விபத்து “ஊபொ”.

இன்னொன்று, ‘என்று சொன்னான்’ வாக்கியம். தமிழில் ‘பசிக்கிறது என்று சொன்னான்’ என்று உள்ளே இருக்கும் நிகழ்காலத்தை அப்படியே விட்டுவிடுவோம். ஸ்பானிஷில் அது இம்பெர்ஃபெக்தோவுக்கு இறங்கும்: “தீஹொ கெ தெனீய ஆம்ப்ரெ”.

“எஸ்தாப கொமியேந்தொ” என்ற நீள வடிவமும் ‘சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்’தான். சொல்லுக்குச் சொல் தமிழோடு பொருந்துவதால் நமக்கு அது இனிக்கும், எல்லா இடத்திலும் போடத் தோன்றும். அளவாகப் பயன்படுத்துங்கள், “கொமீய” ஒன்றே பெரும்பாலும் போதும். தெரிதல், வைத்திருத்தல், பிடித்தல் போன்ற நிலைகளுக்கு நீள வடிவம் பொருந்தாது.

பத்தி கட்டுவது

பின்னணியை முதலில் விரியுங்கள், சம்பவத்தைக் கடைசியில் இறக்குங்கள். வயது அல்லது மணி, இடத்தில் என்ன இருந்தது, வெளியே வானிலை, ஆட்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள், மனதில் என்ன, பிறகு சம்பவம். ஓர் எடுத்துக்காட்டு:

“யோ தெனீய ஓச்சொ ஆஞொஸ். ஏரன் லஸ் ந்வேபெ தெ ல நோச்செ இ நோ அபீய லூஸ். அஃப்வேர யொபீய. மி அப்வேல ரெஸாப என் போஸ் பாஹ. யோ தெனீய மியேதொ, பேரொ நோ கெரீய தெஸீர்லொ. தெ ரெப்பேன்தெ, ஆல்கியென் யமோ அ ல ப்வேர்த்த.”

‘எனக்கு எட்டு வயது. இரவு ஒன்பது மணி, கரண்ட் இல்லை. வெளியே மழை. பாட்டி மெல்லிய குரலில் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் பயம், ஆனால் சொல்லிக்கொள்ள மனமில்லை. திடீரென்று யாரோ கதவைத் தட்டினார்கள்.’

ஏழு வினை இம்பெர்ஃபெக்தோ, ஒரே ஒரு “யமோ” மட்டும் இந்தெஃபினீதோ. அந்த ஒன்றை “யமாப” என்று மாற்றிப் பாருங்கள்: யாரோ தட்டிக்கொண்டே இருக்கிறார்கள், அதுவும் மழையைப் போலப் பின்னணியில் போய் உட்கார்ந்துவிடும், கதை நகராது, அடுத்து என்ன என்று வாசகர் காத்திருப்பார். மாறாக, “ரெஸாப”வை “ரெஸோ” ஆக்கினால் பாட்டி ஜெபத்தை முடித்துவிட்டாள். தட்டும் ஓசை கேட்கும்போது அந்த முணுமுணுப்பு அறையில் இல்லை. கடைசி வினையில் அழுத்தம் ‘மோ’வில் விழ வேண்டும் என்பதும் முக்கியம். “யாமொ” என்று முன்னால் அழுத்தினால் ‘நான் கூப்பிடுகிறேன்’ என்றாகிவிடும்.

சம்பவத்தை நடுவில் செருக “க்வாந்தொ” (-போது) போதும்: “கொமீய க்வாந்தொ யெகோ மி தீயொ” என்றால் ‘சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாமா வந்துவிட்டார்’. செய்ய நினைத்து நடக்காமல் போனதற்கு “ஈப அ ஸலீர்” (கிளம்பலாம் என்றிருந்தேன்). அந்த நொடியில் முடிந்திருந்ததற்கு “அக்கபாப தெ யெகார்” (அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தேன்). இரண்டும் மனப்பாடம் செய்யத் தக்கவை, பத்திக்கு உடனே உயிர் வரும்.

இறந்தகாலம் அல்லாத இடத்திலும் இந்த வடிவம் காதில் விழும். “கெரீய உன் கஃபே” என்றால் நேற்று வேண்டியிருந்த காபி அல்ல, இப்போது கேட்பதுதான், பணிவாக. குழந்தைகள் விளையாட்டில் “யோ ஏர எல் ரேய்” என்பார்கள். நம் பிள்ளைகள் ‘நான் ராஜாவாம், நீ திருடனாம்’ என்று வேடம் பிரிப்பதில் வரும் அந்த ‘-ஆம்’தான் அங்கே “ஏர”. நம் ‘ஒரு ஊரில் ஒரு ராஜா’வுக்கு இணையான கதைத் தொடக்கமும் இதே காலத்தில்: “அபீய ஊன பேஸ்”.

பயிற்சி: நாளுக்குக் கால் மணி நேரம்

முதல் மூன்று நாள் வடிவம் மட்டும். ஆறு வினை எடுத்து (மூன்று விதிவிலக்கும், மூன்று சாதாரணமும்) வாய்விட்டுச் சொல்லுங்கள். அழுத்தம் விழும் அசையில் மேஜையைத் தட்டிக்கொண்டு சொன்னால் ‘அப்லாபமொஸ்’ஸில் அழுத்தம் பின்னுக்குச் சரியாது.

நான்காம் நாளிலிருந்து பழைய புகைப்படம் ஒன்று. அதைப் பார்த்து ஆறு வாக்கியம் எழுதுங்கள்: வயது, இடம், வானிலை, உடை, யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள், அந்த நாட்களின் ஒரு வழக்கம். ஆறும் இம்பெர்ஃபெக்தோ. ஏழாவதாகப் படம் எடுத்தவுடன் நடந்த ஒன்று, இந்தெஃபினீதோவில். ஒரு வாரம் கழித்து விகிதத்தைக் கலைத்து, இரண்டு மூன்று சம்பவங்களை இடையில் விடுங்கள்.

எழுதி முடித்ததும் வினைகளை மட்டும் கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தமிழில் ‘கொண்டிருந்தது’ அல்லது ‘விட்டது’ என்று எழுதுங்கள். கை தயங்கி நிற்கும் வினைகளுக்கு மட்டும் வேலி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ‘எனக்கு’ என்று தமிழில் நினைத்த வாக்கியங்களைத் தனியாக ஒருமுறை பார்த்து, எங்காவது நிகழ்காலம் நழுவி வந்திருக்கிறதா என்று சரிபாருங்கள். கடைசியாக ஐ எழுத்துகளின் தலையைப் பாருங்கள், கோடு இருக்கிறதா என்று.